புறா வயலும் குதிர்க் கூளமும்: மேற்கு டென்னசியில் ஒரு வேட்டை நிலத்தின் இரண்டு பருவங்கள்

பின்னணி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மெம்ஃபிஸுக்கு வடகிழக்கே, காற்று கொண்டுவந்து படிய வைத்த வண்டல் மண் மேடுகள் இருக்கின்றன. பருத்தி, சோயா, மக்காச்சோளம் மாறி மாறி விளையும் நிலம். மண் மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். ஒரு பெருமழை போதும், சரிவில் ஓடை விழுந்துவிடும். அதனால்தான் இந்த வட்டாரம் உழவில்லா சாகுபடிக்குப் பேர்போனது. பக்கத்து ஊரான மிலனில் 1981 முதல் அதற்கென்றே வயல் விழா நடத்தியிருக்கிறார்கள்.

இங்கே பேசப்போகும் பண்ணையின் உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். மகனும் ஒரு பண்ணையாளும் கூட இருந்து வேலை பார்க்கிறார்கள். குதிர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் 18 ஏக்கரை நகரத்திலிருந்து வரும் ஒரு வேட்டைக் குழுவுக்குப் பருவ வாடகைக்கு விட்டிருந்தார். குழுவில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர். வாடகை வாங்கியாயிற்று என்றால் புறா வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த வருடம் வாடகையும் வராது. நான் அந்தப் பண்ணைக்குப் பயிர் ஆலோசனை சொல்லப் போய்வந்தவன். துப்பாக்கி தூக்கியதில்லை. என் வேலை மண்ணும் பயிரும்.

சுடப்படும் பறவை மோர்னிங் டவ். 120 கிராம் அளவில் இருக்கும் ஒல்லியான புறா. வட அமெரிக்காவில் வேட்டையாடப்படும் வலசைப் பறவைகளில் மிக அதிகமாகச் சுடப்படுவது இதுதான். கூட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும், ஆனால் வெப்பமான இடங்களில் வருடத்துக்கு ஐந்தாறு முறைகூட குஞ்சு பொரிக்கும். கூட்டாட்சி விதிப்படி செப்டம்பர் 1-க்கு முன் வேட்டை கிடையாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 பறவை, துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு இருக்க வேண்டும். டென்னசியில் முதல் நாள் நண்பகலுக்குப் பிறகுதான் தொடங்கலாம். அந்த ஒரு பிற்பகல் அங்கே ஊர்த் திருவிழா மாதிரி. உறவும் நட்பும் கூடும், அடுப்பில் இறைச்சி வேகும், பிள்ளைகள் சுற்றி ஓடுவார்கள். ஆகவே செப்டம்பர் 1 தவறினால் பருவமே தவறியதாகத்தான் நினைப்பார்கள்.

முதல் பருவத்தில் கண்டது

முதல் வருடம் சூரியகாந்தி போட்டிருந்தார்கள். பெரெடோவிக் என்ற எண்ணெய் வித்து ரகம், கறுப்புச் சின்ன விதை. விளைய நூறு நாளுக்கு மேல் பிடிக்கும். சோயா விதைப்பு முடிந்த பிறகுதான் விதைப்பு இயந்திரம் இந்தப் பக்கம் வந்தது; அதற்குள் ஜூன் முதல் வாரம் ஆகிவிட்டது. கணக்கு அங்கேயே இடிக்கிறது. செப்டம்பர் 1 அன்று பூத்தலைகளின் முதுகு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

இரண்டாவது குறை, தரை. முந்தைய சோயாவின் தட்டை அப்படியே கிடந்தது. அதன் மேல் புல் படர்ந்து, பாமர் அமராந்த் என்ற காட்டுக்கீரை ஆள் உயரம் எழுந்து நின்றது. புறாவுக்குக் கால் குட்டை, நகத்தில் வலு இல்லை. கோழி மாதிரி கிளறத் தெரியாது. விதை கண்ணுக்குத் தெரிய வேண்டும், நடக்க வெறும் மண் வேண்டும், பருந்து வந்தால் சட்டென்று எழும்ப வெளி வேண்டும். அந்த வயலில் இவை மூன்றும் இல்லை. பறவைகள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்துவிட்டு, சாலைக்கு அப்பால் அறுவடை முடிந்த வேறொருவரின் மக்காச்சோளக் காட்டுக்குப் போயின. குழுவினர் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அன்றே ஒருவர் கேட்டார்: நாலு மூட்டை கோதுமை வாங்கி வந்து தூவினால் என்ன? உரிமையாளர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். மறுத்தது சரி. ஆனால் ஏன் சரி என்பது குழுவில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. அந்தப் புரியாமை அடுத்த வருடம் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

1918-இல் வந்த வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், தீனி போட்டு இழுத்த இடத்தில் சுடுவது குற்றம். புறாவுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. நிலத்தில் விளைந்த பயிரை விளைந்த இடத்திலேயே வெட்டலாம், நொறுக்கலாம், உழலாம், எரிக்கலாம். அதில் சிந்தும் விதையைத் தின்ன வரும் புறாவைச் சுடலாம். வெளியிலிருந்து ஒரு கைப்பிடி தானியம் கொண்டுவந்து போட்டாலும் அது தீனிதான். அறுவடை செய்து எடுத்துப் போனதைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினாலும் தீனிதான்.

கோதுமை விதைப்பில்தான் குழப்பம் வரும். உண்மையாகவே பயிர் செய்வதற்காக, தயார் செய்த மண்ணில், மாநில வேளாண் விரிவாக்கத் துறை பரிந்துரைக்கும் தேதியில், பரிந்துரைக்கும் அளவில் விதைத்தால் அது விவசாயம். அந்த வட்டாரத்தில் தானியக் கோதுமைக்கு அக்டோபர் நடுவிலிருந்துதான் காலம். ஆகஸ்ட் கடைசியில், உழாத மண்ணில், குவியலாக, அல்லது ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை தூவினால் யாரும் அதை விதைப்பு என்று ஒப்ப மாட்டார்கள்.

தீனியை முழுக்க அகற்றிய பிறகும் பத்து நாள் அந்த இடம் தீனி போட்ட இடமாகவே கருதப்படும். எவ்வளவு தூரம் வரை என்பதற்கு மீட்டர் கணக்கு கிடையாது. அந்தத் தீனிக்காகப் பறவை போய்வரும் வழி எதுவோ அதுவரை. 1998-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சுட்டவருக்கு அங்கே தீனி இருப்பது தெரிந்திருந்ததா, அல்லது நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டுமா என்று பார்க்கிறார்கள். சுட்டவருக்கு 15,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் போகலாம். சுட வைப்பதற்காகத் தீனி போடுவது தனிக் குற்றம். அதற்கு ஒரு வருடம் வரை சிறை.

இரண்டாம் பருவத்துக்கு எடுத்த முடிவுகள்

குளிர்காலத்தில் உட்கார்ந்து பேசினோம். பெரிய விவாதம் உழவு பற்றித்தான். உரிமையாளர் பல வருடமாகச் சட்டிக் கலப்பையைத் தொடாதவர். புறாவுக்கு வெறும் மண் வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "இருபது வருஷமா கட்டிக் காப்பாத்துன மண்ணை ஒரு மத்தியான வேட்டைக்காக அவுத்து விடவா?" என்றார். நியாயமான கேள்வி. போதாததற்கு, சரிவான பாகம் எளிதில் அரிக்கும் நிலம் என்று அரசுப் பதிவில் இருந்தது. அங்கே கண்டபடி உழுதால் அரசு விவசாய உதவித் திட்டங்களில் சிக்கல் வரும்.

கடைசியில் இப்படி முடிவானது. முழு வயலையும் உழுவதில்லை. சூரியகாந்தி பத்து ஏக்கர், குலசாமை நாலு ஏக்கர், மீதியில் பயிர்களுக்கு இடையே முப்பது அடி அகலத்துக்கு வெறும் மண் பட்டைகள். பட்டைகளை மட்டும் களைக்கொல்லியும் மேலாகச் சட்டி ஓட்டுவதுமாகச் சுத்தமாக வைத்திருப்பது.

குலசாமை எப்படி அங்கே வந்தது என்று நம்மவர்கள் கேட்கலாம். இந்தியாவிலிருந்து போன சிறுதானியம்தான். நூறு வருடத்துக்கு முன்பே தீவனப் பயிராக அமெரிக்கா போய், இன்று தென் மாநிலங்களில் காடை, புறா வயல்களின் முக்கியப் பயிர் ஆகிவிட்டது. அறுபது நாளில் விளையும், விதை விலை குறைவு, விதை தானாகவே உதிரும். நம்மூர்க் கடைகளில் கிலோ கணக்கில் உடல்நலத்துக்கென்று விற்கப்படுவதை அங்கே புறாவுக்கு உதிர விடுகிறார்கள்.

களைக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. சூரியகாந்தி அகன்ற இலைப் பயிர். காட்டுக்கீரையும் அகன்ற இலை. பயிர் நிற்கும்போது ஒன்றை விட்டு ஒன்றைக் கொல்லும் மருந்து குறைவு. மருந்து தாங்கும் ஒட்டு ரகங்கள் இருக்கின்றன, விலையும் அதிகம். ஆனால் அந்த வட்டாரத்துப் பாமர் அமராந்த் அதே வகை மருந்துக்கு ஏற்கனவே பழகிவிட்டது. காசைக் கொட்டி ஒட்டு விதை வாங்குவதில் பயனில்லை என்று நான் சொன்னேன். அதனால் பழைய பெரெடோவிக் ரகமே. களை முளைக்கும் முன் மண்ணில் தெளிக்கும் மருந்து. பயிர் முழங்கால் உயரம் வந்ததும் ஒரு இடை உழவு.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை

ஏப்ரல் கடைசி வாரம் மண் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிலைத்ததும், சோயாவுக்கு முன்னாலேயே விதைத்தாயிற்று. வரிசைக்கு 30 அங்குல இடைவெளி, ஏக்கருக்குச் சுமார் 22,000 செடி. காட்டை ஒட்டிய நாலைந்து வரிசையை மான் மேய்ந்துவிட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குலசாமையை ஜூன் நடுவில் தூவினார்கள்.

ஜூலையில் ஒரு இடி மழை. பட்டைகளை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக இழுத்திருந்தார் மகன். சுடுகிறவர்களுக்குப் பார்வை நீளமாகக் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒரு பட்டையில் கணுக்கால் ஆழத்துக்கு வெட்டு விழுந்து, கீழே குட்டையின் ஓரத்தில் செம்பழுப்பு வண்டல் விசிறி போலப் படிந்திருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. மகனே டிராக்டரை எடுத்துக்கொண்டு போய், இரண்டு பட்டைகளைப் புல்லுக்கு விட்டுவிட்டு, சரிவுக்குக் குறுக்கே புதிதாக மூன்று போட்டார். பார்வை குறைந்தது, மண் நின்றது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பூத்தலைகளின் முதுகு மஞ்சளாகி, ஓர இதழ்கள் பழுப்பு நிறத்துக்கு வந்தன. அப்போதிருந்து வாரம் ஒரு முறை, பட்டையை ஒட்டிய நாலு வரிசையை மட்டும் சுழல் வெட்டியால் உயரத் தூக்கி வெட்டினார்கள். தலைகள் நொறுங்கி விதை பக்கத்து வெறும் மண்ணில் தெறித்தது. மொத்தத்தையும் ஒரே நாளில் வெட்டினால் விதை மழையில் முளைத்துப் போகும், எலியும் மற்ற பறவைகளும் காலி செய்துவிடும். சிறிது சிறிதாக வெட்டினால் புறாவுக்கு அந்த இடம் பழகும். ஆகஸ்ட் நடுவில் மாலை வேளைகளில் ஐம்பது அறுபது பறவை. இருபதாம் தேதிக்கு மேல் எண்ண முடியவில்லை. காலையில் குட்டையின் புல் இல்லாத கரையில் தண்ணீர், பாதையோரச் சரளையில் கல் பொறுக்கல், பிறகு வயல், பிறகு மின்கம்பி என்று ஒரு சுற்று அமைந்துவிட்டது.

ஆகஸ்ட் 26

திங்கட்கிழமை காலை வயலைச் சுற்றி நடந்தபோது ஒன்று உறுத்தியது. பறவைகளில் பாதி சூரியகாந்திப் பக்கம் இறங்காமல், குதிர்களுக்குப் பின்னால், வயலின் வடக்கு மூலையில் இறங்கின. போய்ப் பார்த்தால், பழைய மக்காச்சோளம். தூசும் உமியும் உடைந்த மணியுமாக, இரண்டு மூன்று தள்ளுவண்டி அளவு.

நடந்தது இதுதான். புது மக்காச்சோள அறுவடைக்கு முன் குதிரைக் காலி செய்து பெருக்குவது எல்லாப் பண்ணையிலும் உள்ள வழக்கம். போன வருடத்து மிச்சத்தில் வண்டு இருந்தால் புதுத் தானியத்தில் ஏறிவிடும். பண்ணையாள் முந்தைய வாரம் பெருக்கிய கூளத்தை வழக்கம்போல் பின்பக்கம் கொட்டியிருக்கிறார். பல வருடமாகக் கொட்டும் இடம்தான். அவருக்குப் புறா சட்டம் எதுவும் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. எல்லோரும் வயலுக்குள் என்ன போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொட்டியவருக்குப் புறாவை இழுக்கும் நோக்கம் இல்லை. ஆனால் அந்த இடம் தீனி போட்ட இடமா என்ற கேள்விக்கு நோக்கம் பதில் ஆகாது. அது வயலில் விளைந்து சிந்தியதல்ல. விளைந்து, எடுத்து, சேமித்து, திருப்பிக் கொட்டியது. இனிமேல் "எங்களுக்குத் தெரியாது" என்றும் சொல்ல முடியாது. தெரிந்துவிட்டது.

மூன்று வழி இருந்தது. முதலாவது, கூளத்தை மண்ணைப் போட்டு மூடிவிட்டு ஒன்றாம் தேதி சுடுவது. குழுவின் ஒருவர் தொலைபேசியில் இதைத்தான் சொன்னார். இரண்டாவது, தெற்குப் பாதியில் மட்டும் சுடுவது. மூன்றாவது, அகற்றிவிட்டுப் பத்து நாள் பொறுப்பது.

உரிமையாளர் மாநில வனவிலங்கு அலுவலரைக் கூப்பிட்டார். சிலருக்கு அது பிடிக்கவில்லை, வலியப் போய் மாட்டிக்கொள்வதாக நினைத்தார்கள். அலுவலர் பிற்பகலே வந்தார், நடந்து பார்த்தார். வயல் சுத்தம் என்று சான்று எழுதித் தர மாட்டேன், அது என் வேலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தெற்குப் பாதி பற்றிக் கேட்டதற்கு, மின்கம்பியைக் காட்டினார். கம்பியில் இருந்து எழும்பிய பறவைகள் தெற்கிலிருந்து வயலின் மேலாகவே வடக்கு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தன. வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று மாலைக்குள் அள்ளி முடித்தார்கள். மண்வெட்டி, பிறகு மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்குச் சுரண்டி எடுத்தது, கடைசியில் குதிர் சுத்தம் செய்யும் உறிஞ்சு குழாய். சரளைக்கு நடுவே சிக்கிய மணிகளைப் பண்ணையாளும் மகனும் கையால் பொறுக்கினார்கள். படமெடுத்துத் தேதியோடு வைத்தார்கள். 27-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் செப்டம்பர் 5 பத்தாவது நாள். வேட்டையை 7-ஆம் தேதி சனிக்கிழமைக்குத் தள்ளினார்கள்.

தள்ளியதன் விலை சின்னதல்ல. அமெரிக்காவில் தொழிலாளர் தினம் செப்டம்பரின் முதல் திங்கள்; அதை ஒட்டிய நீண்ட விடுமுறைக்கு விருந்தினரை அழைத்திருந்தார்கள். குழுவில் இருவர் கோபித்துக்கொண்டு வேறு வயலுக்குப் போனார்கள். உரிமையாளர் வாடகையில் ஒரு பகுதியைத் தானாகவே திருப்பிக் கொடுத்தார். என் கருத்தில் அந்த முழு வருடத்திலும் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான். ஆனால் அன்று மாலை அந்த முற்றத்தில் யாரும் அப்படிச் சொல்லும் மனநிலையில் இல்லை.

செப்டம்பர் 7-உம் அதற்குப் பிறகும்

பத்து பேர், பிற்பகல் மூன்று மணிக்கு. ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விட்டு நிறுத்தினார்கள், தாழப் பறக்கும் புறாவைச் சுடக்கூடாது என்று முன்பே சொல்லியாயிற்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. செப்டம்பரில் கனடா வாத்துக்கும் முன்பருவ வேட்டை உண்டு. குட்டைக்கு அவை வரும். ஆனால் வெட்டி நொறுக்கிய பயிர் என்ற சலுகை புறாவுக்கு மட்டும்தான், நீர்ப்பறவைக்கு இல்லை. அதே சூரியகாந்தி வயல் புறாவுக்கு முறையானது, வாத்துக்குத் தீனி போட்டது. ஐந்து மணிக்கு ஏழெட்டு வாத்துகள் தலைக்கு மேல் தாழப் போயின. துப்பாக்கிகள் கீழேயே இருந்தன.

அன்று நாலு பேர் பதினைந்தை எட்டினார்கள். மற்றவர்கள் ஐந்தும் பத்துமாக. ஒரு பறவைக்கு ஐந்து தோட்டா செலவு என்பது இந்த வேட்டையில் சாதாரணம். விழுந்தவை வெறும் பட்டையில் விழுந்ததால் தேடி எடுக்க முடிந்தது. சூரியகாந்திக்குள் விழுந்த சிலதை நாய்தான் கொண்டுவந்தது. அந்த வெயிலில் நாய்க்கு அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது.

சுத்தம் செய்யும் மேசையில் ஒருவர் தீனிப்பையைக் கீறி உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கறுப்புச் சூரியகாந்தி விதை ஏழெட்டு, மீதி எல்லாம் பழுப்பான குலசாமையும், வேலியோரத்தில் தானாக முளைத்த குரோட்டன் களையின் சாம்பல் நிற விதையும். மக்காச்சோளம் ஒன்றுகூட இல்லை. பத்து ஏக்கர் சூரியகாந்திக்குச் செலவான பணத்தையும் நாலு ஏக்கர் குலசாமைக்குச் செலவானதையும் நினைத்துப் பார்த்த உரிமையாளர் சிரித்தார். ஒரு தீனிப்பையை வைத்து முடிவு சொல்ல முடியாது, அப்புறம் கீறிய சிலதிலும் சூரியகாந்தி அதிகம் இருந்தது. ஆனால் எண்ணம் அங்கேதான் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமையும் நன்றாகவே இருந்தது. அதற்கடுத்த வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும், இருட்டும் வரை சுட்டார்கள். திங்களன்று கம்பி காலி. வடக்கிலிருந்து குளிர்க் காற்று இறங்கியதும் அதே வாரம்தான். எது காரணம் என்று பிரிக்க முடியாது என்றாலும், மாலைத் தீனியைத் தின்ன விடாமல் விரட்டினால் புறா வேறு இடம் பார்க்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அடுத்த பருவத்துக்கு மாற்றியவை

குதிர்க் கூளம் இனி மாட்டுப் பண்ணைக்குப் போகும்; பெருக்குவதும் ஜூலைக்குள் முடிய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்தார்கள். கூடவே ஆகஸ்ட் 15-இல் ஒரு முறை, 20-இல் ஒரு முறை, உரிமையாளரும் குழுவின் ஒருவரும் சேர்ந்து வயலையும் அதன் சுற்றுப்புறத்தையும் நடந்து பார்ப்பது என்றும் எழுதினார்கள். பத்து நாள் கணக்குக்கு இடம் இருக்கும்படி வைத்த தேதிகள். பண்ணையாளும் அந்த நடையில் சேர்ந்துகொள்வார். எது எங்கே கொட்டப்படுகிறது என்று நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

வாரத்துக்கு ஒரு நாள்தான் சுடுவது, அதிகம் போனால் இரண்டு. மாலை ஐந்துக்கு நிறுத்துவது. இதற்கு எதிர்ப்பு இருந்தது. வாடகை கொடுத்தவர் மணி பார்த்துக் கிளம்ப விரும்ப மாட்டார். இப்போதைக்கு ஒரு பருவம் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

சூரியகாந்தி ஐந்து ஏக்கராகக் குறைகிறது, அதுவும் போன வருடம் நின்ற இடத்தில் இல்லை. அதே மண்ணில் திரும்பப் போட்டால் தண்டழுகல் நோய் தங்கிவிடும். குலசாமை எட்டு ஏக்கர், இரண்டு வாரம் முன்பின்னாக இரண்டு தவணையில். பட்டைகள் எல்லாம் சரிவுக்குக் குறுக்கே. பருவம் முடிந்ததும் கோதுமையோ ரை என்ற குளிர்காலத் தானியமோ மூடு பயிராக, அக்டோபரில், முறையான தேதியில்.

தீராத ஒன்று ஈயம். ஒவ்வொரு தோட்டாவிலும் நூற்றுக்கணக்கான சின்ன ஈய ரவைகள். வருடா வருடம் அதே வெறும் மண்ணில் விழுகின்றன. புறா கல் என்று நினைத்து அதைப் பொறுக்குவதும், அதனால் சாவதும் நிரூபணமான விஷயம். நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுவதும் ஈய ரவை தடை. புறாவுக்கு அப்படி ஒரு நாடு தழுவிய தடை இல்லை. பருவம் முடிந்து உழுது புதைக்கலாம் என்றால், இந்தச் சரிவில் உழக்கூடாது என்ற பழைய பிரச்சினை குறுக்கே நிற்கிறது. இரும்பு ரவைக்கு மாறச் சொன்னேன். இளையவர்கள் மூன்று பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் தாத்தா காலத்துத் துப்பாக்கிக்குழலுக்கு இரும்பு ஆகாது என்கிறார்கள். பழைய குழல்களைப் பொறுத்தவரை அதிலும் உண்மை இருக்கிறது. பேச்சு அந்த இடத்தில் நிற்கிறது.

வேறு வயலுக்குப் போன இருவரில் ஒருவர் திரும்பி வந்து, அடுத்த பருவத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்.